வெள்ளைக் கேனில் வந்த தண்ணீர்

அந்த வெள்ளைக் கேனைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டதடி, தங்கச்சி. களைக்கு அடிக்கும் புல்லு மருந்து வரும் அதே கேன். ஏழு மாத வயிற்றோடு உன் மகள் கவிதா, தம்பின் டவுன் பக்கத்து நம் எஸ்டேட்டிலிருந்து, சுங்கை காடுட்டில் நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடம்வரை அதில்தான் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிக்கலாமான்னு பார்த்துச் சொல்லுங்க பெரியம்மா. பிள்ளைக்கு ஒன்னும் ஆவாது லா?"

வேறு புட்டியில் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பதற்றத்தில் அப்படியே எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பெட்டியில் வைத்துச் சோதித்தேன், புத்தி கெட்டவள்.

"அந்தப் பெட்டி என்னாதான் செய்யும் அக்கா?" என்று நீ இருந்திருந்தால் கேட்பாய். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்ததை ஆவியாக்கி எலக்ட்ரானால் அடிக்கும். மூலக்கூறு பலவீனமான இடங்களில் உடையும். துண்டுகளை எடைவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும். ஒரே பொருள் எப்போது அடித்தாலும் ஒரே மாதிரிதான் உடையும். அதனால் துண்டுகளைப் பார்த்தே முழுசுக்குப் பெயர் சொல்லிவிடலாம். அன்று ஒரு கோட்டுக்குப் பக்கத்தில், இரண்டு எண் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குட்டிக் கோடு. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். கணினிப் பட்டியலோடு ஒப்பிட்டேன். நீ வருஷக்கணக்காக அடித்த அதே மருந்து.

பெயரைச் சொன்ன பெட்டி, அது கிணற்றில் இருந்ததா கேனில் இருந்ததா என்று சொல்லவில்லை. மறுநாளே கண்ணாடிப் புட்டியோடு நானே போய் எடுத்துவந்தேன். முடிவு தெரியும்வரை கடைத் தண்ணீர் குடிடி என்று கவிதாவிடம் கத்திவிட்டு வந்தேன். முடிவு வர இரண்டு நாள் ஆனது.

கிணற்றுத் தண்ணீரில் அந்த மருந்து இல்லை. போனில் சொன்னதும் சிரித்தாள்.

"அப்ப கேன்லதானா? வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கே பெரியம்மா, அதுலதான் குடிக்கத் தண்ணி பிடிச்சு வைக்கிறோம்."

"ஐயோ, யாரு சொன்னா உனக்கு?"

"அம்மாதான். கழுவிட்டு மோந்து பாரு, வாசம் போயிருந்தா பயமில்ல, படிச்ச உன் பெரியம்மாவே சொன்னாங்கன்னு சொல்லும்."

சொன்னேன்தான். பள்ளி விடுமுறையில், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன உன்னோடு நானும் மருந்தடிக்க வந்தபோது, ஓடையில் கழுவிய கேனை என் மூக்கருகே நீட்டினாய். மோந்துவிட்டு, "வாசமே இல்ல, எடுத்துட்டுப் போ லா" என்றேன். பதினாறு வயசு எனக்கு.

கிட்னி போய் நீ செத்துப்போனது அதனால்தானா? இனி எந்தப் பெட்டியும் அதைச் சொல்லாது. அந்த இரண்டு கேனையும் நானே வெட்டிப் போட்டேன். கவிதாவைக் கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் பயப்படாதே என்கிறார். எனக்குப் பயம் போகவில்லையடி. பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.