அம்மா வலப்பக்கம் நிற்க வேண்டாம்

டெட்ராய்ட்,
புதன்கிழமை

அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? எனக்குக் குறையொன்றுமில்லை.

சனிக்கிழமை நடக்கும் கல் துப்பாக்கிப் போட்டிக்காக உங்கள் பழைய துப்பாக்கியை என் அறையிலேயே மாற்றி முடித்துவிட்டேன். குழலுக்குள் இருந்த சுருள் வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கினேன். கேப் மருந்தைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை எடுத்துவிட்டுச் சிக்கிமுக்கிக் கல் பூட்டினேன். திங்களன்று நம் ஊருக்குக் கிளம்பிய ஹோபர்ட்டிடம் கொடுத்தனுப்பினேன்.

எனக்கும் அதேபோல் ஒன்று செய்து நேற்று சுட்டுப் பார்த்தேன். பட்டறை நண்பன் ஆரின் எனக்கு வலப்பக்கம் நின்றிருந்தான். கல் துப்பாக்கியில் குழலின் பக்கத் துளை வழியாகவும் தீ சீறும். அவன் சட்டைக் கை பொசுங்கிவிட்டது. "டேய் லோவெல், இது துப்பாக்கியாடா, வெல்டிங் டார்ச்சாடா?" என்று கத்தினான். காயமில்லை, சிரித்துவிட்டோம்.

அப்புறம்தான் எனக்கு அம்மா நினைவு வந்தது. உங்களுக்கு இடது காது கேட்காது. நீங்கள் சுடும்போதெல்லாம் அம்மா வலப்பக்கம் ஒட்டி நின்று, "மேல போச்சுங்க, இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள். அவள் முகம் அந்தத் துளைக்கு நேராக இருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் போன் கம்பி இன்னும் அறுந்தே கிடக்கிறது. சனிக்கிழமை போட்டிக்குள் இந்தக் கடிதம் வந்து சேரவேண்டும். "நாப்பது வருஷமா சுடுறேன், எனக்கே சொல்லித் தர்றியா?" என்பீர்கள். சொல்கிறேன். அம்மா உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். குறி தப்பினால் தப்பட்டும்.

நம் மில்லில் அரைத்த சோளமாவு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே ரொட்டி பஞ்சு மாதிரி, தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. போட்டி முடிந்ததும் பதிலை அம்மா கையால் எழுதச் சொல்லுங்கள். உறைமேல் உங்கள் கையெழுத்து இருந்தால் பிரிக்க எனக்குத் தைரியம் வராது.

லோவெல்