சோளம் கழுவிய தண்ணீர்

ஜூன் 2, 2025 – திங்கள்

நான் தானாக வேலையை விடவில்லை. வயிறு வெளியே தெரிந்ததும் துரத்தினார்கள். கையில் கொடுத்த கடிதத்தில் மட்டும் "சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்" என்று இருக்கிறது. பெங்களூரில் அந்த மெக்சிகன் ஓட்டலில் மூன்று வருஷம் சோள ரொட்டி சுட்டேன். டோர்ட்டியா என்று சொல்ல வேண்டும். ஒன்றைக்கூட உட்கார்ந்து தின்றதில்லை. எங்களுக்குச் சோறும் சாம்பாரும்தான்.

இன்று மமதா போன் செய்தாள். அங்கே எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவள். இப்போது அங்கேயே சொந்தமாகச் சின்னச் சாப்பாட்டுக் கடை திறக்கிறாள். "ஞாயித்துக்கிழமை கேஜிஎஃப் வர்றேன். பாக்கெட் மாவு வேணாம், சோளத்துலேர்ந்து செய். நல்லா இருந்தா ரொட்டி வேலை உனக்குத்தான்."

என் மகள் ஐடாவுக்கு ஆறு மாதம். அவளை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது? யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

ஜூன் 4 – புதன்

மக்காச்சோளம் மாட்டுத் தீவனக் கடையில்தான் கிடைத்தது. "எத்தினி மாடு கீது?" என்றார் கடைக்காரர். "ஒன்னு. பேரு ஜோஸ்" என்றேன். பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பிலும் ஜோஸ் இதைக் கேட்டுச் சிரித்தான். நல்ல புருஷன். எழுதி வைக்கிறேன், அடுத்த சண்டையில் மறந்துவிடும்.

ஜூன் 6 – வெள்ளி

ஒத்திகை பார்த்தேன். சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறப்போட வேண்டும். சுண்ணாம்பு பக்கத்து வீட்டு ரத்தினம்மா அக்காவின் வெற்றிலை டப்பாவிலிருந்து. பிறகு ஏழெட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். நான் இரண்டோடு நிறுத்தினேன். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் குழாயில் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகிறது. ஐடாவின் துணிக்கு எடுத்து வைத்ததைச் சோளத்தில் ஊற்ற மனசு வருமா?

ரொட்டி கசந்தது. நாக்கு எரிந்தது.

சுரங்கத்தில் தங்கம் இருந்தவரைக்கும் இந்த ஊருக்குத் தண்ணீர் வந்தது. மனுஷன் மட்டும் இருக்கும்போது வரவில்லை. ஓட்டலில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினேனே, அது யாருடைய தண்ணீர்?

ஜூன் 7 – சனி

இன்றும் தண்ணீர் வரவில்லை. மமதாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ரத்தினம்மா அக்கா பார்த்துவிட்டாள். "இன்னாம்மே, மூஞ்சி இப்டி கீது?" சொன்னேன். திட்டினாள். "ஊர்ல எல்லாரோடயும் சண்டைக்குப் போறே. ஒரு குடம் தண்ணி கேக்க வெக்கமா உனக்கு?"

சாயங்காலத்துக்குள் வாசலில் ஆறு குடம். ஒவ்வொரு வீட்டிலும் குடிக்க வைத்திருந்தது.

ஜூன் 8 – ஞாயிறு

எட்டுத் தண்ணீர் கழுவினேன். எட்டாவது தெளிந்தது. அக்காவின் கிரைண்டரில் அரைத்தேன். பால் பாக்கெட்டை வெட்டி விரித்து, நடுவில் உருண்டையை வைத்துத் தட்டால் அழுத்தினேன். தக்காளியைச் சுட்டு மிளகாயோடு இடித்துக்கொண்டிருந்தபோது ஐடா வீறிட்டாள். என் இரண்டு கையும் மிளகாய். ஜோஸ் பட்டர் ஃப்ரூட் வாங்கப் போயிருந்தான். தூக்கவும் முடியல, விடவும் முடியல — ஏன் எப்பவும் நான்தான் இப்டி நிக்கணும்?

அக்கா வந்து தூக்கிப் போனாள். "வாடி, உங்கம்மா மாட்டுத் தீனி சமைக்கிறா, நாம போலாம்."

ரொட்டி கல்லில் உப்பியது! மமதா கோழியும் காராமணியும் வைத்து நாலு தின்றாள். பிறகு, "நீ பெங்களூர் வர வேணாம். மாவா அரைச்சு ஜோஸ் கையில குடு, காலை ரயில்ல வரட்டும்" என்றாள்.

முதல் தடவையாக உட்கார்ந்து தின்றேன். மடியில் ஐடா. குடங்களை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரொட்டிப் பொட்டலம் வைத்து அனுப்பினேன்.

ஜூன் 9 – திங்கள்

நேரில் நன்றி சொல்ல எனக்கு வராது. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 14 – திங்கள்

ஜோஸ் பன்னிரண்டு கிலோ மாவோடு ரயில் ஏறினான். இப்போது எனக்கென்று டேங்கர் வருகிறது. முதலில் அந்த ஆறு குடம் நிரம்பும், பிறகுதான் என் சோளம்.

காலையில் பழைய ஓட்டல் மேனேஜரிடமிருந்து மெசேஜ். "ஷைலா, மமதா கடையில் சாப்பிட்டோம். எங்களுக்கும் மாவு தர முடியுமா?"

எழுதினேன்: "வயிற்றில் பிள்ளை இருந்ததால் நீக்கினோம் என்று அந்தக் கடிதத்தை மாற்றிக் கொடுங்கள். பிறகு மாவைப் பற்றிப் பேசலாம்."

அனுப்பியது ஒன்பதரைக்கு. உடனே இரண்டு நீல டிக் விழுந்தது. இப்போது மணி ஐந்து. நாளைக்கான சோளத்தை வேகப்போட வேண்டும்.