கணவர் பெயர்: ஜாய்சன் பர்னாந்து

தூத்துக்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

பனிமய மாதா துணை.

அன்புள்ள அத்தானுக்கு,

விஜிலா எழுதுவது. நானும் ஏஞ்சலினும் சுகமாக இருக்கிறோம். ஏஞ்சலினுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றாகத்தான் வருகிறது. எபனேசர் சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறப் போவதாகச் சொன்னான். அவன் கையில் மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி, மாசிப் பொடி கொடுத்துவிட்டிருக்கிறேன். மக்ரூனை உடைக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் அவனுக்கும் இரண்டு கொடுங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்வதில் பாதிதான் உங்களுக்குக் கேட்கிறது. இந்த விஷயத்தைப் பாதி மட்டும் கேட்டால் குடும்பம் உருப்படாது. உங்கள் அக்கா பேபி மைனி தன் பங்குக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருப்பார். நம்பிவிடாதீர்கள். சுருக்கமாகச் சொன்னால், போன மாதம் சில நாட்கள், அரசாங்கக் கணக்கில் உங்களுக்கு ஊரெல்லாம் பெண்டாட்டிகள் இருந்தார்கள். அதற்குக் காரணம் நான்தான்.

மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி தருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. உச்சி வெயில் ஏறிவிட்டால் கூடையில் மிச்சமிருக்கும் மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறதே, அதற்காக. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான், மாதக் கடைசிவரைதான். மறுநாள் விடிந்து நம் கம்ப்யூட்டர் சென்டர் ஷட்டரைத் தூக்கினால் தெருமுனைவரை கூட்டம். மீன் வாடையில் பக்கத்துத் தையல்கடை அண்ணாச்சி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் படிவம் இருக்கிறதே, மூன்று பக்கம். மாவட்டம், வட்டம், ஊர், பின்கோடு, தொழில் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். மறுபடியும் முதல் பக்கம். பிலோமினா மாமி பைக்குள் கைவிட்டு ஆதாரைத் தேடி, ரேஷன் கார்டை எடுத்து, பிறகு ஜெபமாலையை எடுத்து, கடைசியில் ஆதாரை எடுப்பதற்குள் என்னை மூன்று முறை வெளியே தள்ளியது. அன்றைக்கு முழுக்க அடித்தும் கூட்டம் குறையவில்லை. எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சாயங்காலம் ஜெப்ஸி வந்தாள். என்னோடு படித்தவள், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் இருக்கிறாளே, அவள்தான். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "ஏளா, கிறுக்கி, இதையெல்லாம் இன்னுமா கையால அடிக்க? நாங்க ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஃபாரம் நிரப்புதோம், இப்படியா சாகுதோம்?" என்றாள். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று போட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை விவரத்தைச் சொல்லி வைத்தால் போதும், பக்கம் திறந்த உடனே அதுவே கட்டங்களை நிரப்பிவிடும். ஆதார் நம்பர் மாதிரி விஷயங்களை மட்டும் அதில் வைக்காதே என்று கண்டித்துச் சொன்னாள். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க என் விவரத்தையே போட்டு ஒரு படிவத்தை நிரப்பினோம். கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜெப்ஸி போனபிறகு என் பெயர், என் பிறந்த தேதி, என் போன் நம்பர் எல்லாவற்றையும் அதிலிருந்து அழித்தேன். பொதுவானதை மட்டும் விட்டேன். அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில், கீழே தள்ளிப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு கட்டம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் நான் அடித்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெயர், ஆதார், ஓடிபி, சமர்ப்பி. அடுத்த ஆள். மத்தியானத்துக்குள் கூட்டம் கரைந்துவிட்டது. "விஜிலா கையில மெசினு இருக்கு" என்று வேம்பார்வரை பேச்சுப் போய், அங்கிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். மீன் விலைகூடச் சொல்லாமல் ஆளாளுக்குச் சீலாவும் விளமீனுமாக மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒப்புகைச் சீட்டை யாரும் வாசிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நானும் வாசிக்கவில்லை. அவ்வளவு பெருமையில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மீன்வளத் துறை ஆபீசிலிருந்து முத்துமணி சார் போன் பண்ணினார்.

"ஏம்மா, ஜாய்சன் பர்னாந்துன்னா யாரு?"

"என் வீட்டுக்காரர் சார். கப்பல்ல இருக்காரு."

அவர் வாய்க்குள் ஏதோ எண்ணுவது கேட்டது. பிறகு, "உங்க வீட்டுக்காரருக்கு மொத்தம் எத்தனை வீடும்மா?" என்றார்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் கணவர் பெயர் என்ற இடத்தில் நீங்கள்தான். உங்களுக்குச் சின்ன வயதில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த பிலோமினா மாமிக்கும் நீங்கள்தான். சாமி கும்பிட இசக்கியம்மன் கோயிலுக்குப் போகும் இசக்கிச்செல்விக்கும் நீங்கள்தான். மாதாவே, உங்கள் கூடப்பிறந்த பேபி மைனிக்கும் நீங்கள்தான்! முத்துமணி சார் நல்ல மனிதர். திருத்துவதற்குக் கடைசித் தேதிவரை வழி இருக்கிறது, அதற்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாம் தள்ளுபடி ஆகிவிடும் என்றார். பெட்டி கிடைக்காது என்றால் அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

முதல் வேலையாக எக்ஸ்டென்ஷனுக்குள் போய் உங்கள் பெயரை எடுக்கப் பார்த்தேன். 'இந்த விவரத்தை நீக்கவா?' என்று அது கேட்டது. வெறும் கட்டம்தான். இருந்தாலும் ஆம் என்று அமுக்க எனக்குச் சட்டென்று விரல் போகவில்லை.

திருத்த வேண்டும் என்றால் அவரவர் போனுக்கு ஓடிபி வரும். அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெப்ஸி ஸ்கூட்டரில் வீடு வீடாக, ஏலக்கூடம், மார்க்கெட் என்று அலைந்தேன். பிலோமினா மாமியின் நம்பர் மஸ்கட்டில் இருக்கும் மகனுடையதாம். அவனிடம் ஓடிபி கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஊர் குரூப்புல எழுதுனதே நீங்கதானக்கா" என்கிறான். வீடியோ காலில் மாமியை நிற்கவைத்து, "ஏலே, சொல்லுலே, உங்க அப்பா பேரு அந்தரத்துல நிக்கி" என்று அவரை அழவைத்த பிறகுதான் சொன்னான்.

இசக்கிச்செல்வி மட்டும் திருத்த வேண்டாம் என்றாள். அவள் புருஷன் ஏஞ்சலின் பிறந்த வருஷம் போனவன், எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. எந்தப் படிவமானாலும் அந்தக் கட்டத்தில் வந்து அவள் நின்றுவிடுவாள். காலியாக விட்டால் சிவப்பாகக் கத்தும். எழுதலாம் என்றால் அவன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. "யக்கா, இந்தத் தடவைதான் யாரும் என்ட்ட ஒண்ணும் கேக்காம போச்சு. அந்தப் பேரே இருந்துட்டுப் போவட்டும். நல்ல மனுசன் பேருதானே" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் புருஷனைக் கடன் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பொறுமையாக ஒருமுறை வாசித்தேன். வேகத்தில் நான் பார்க்காமல் விட்ட இன்னொரு கட்டமும் இருந்தது. குடும்பத் தலைவர் 'தானே' என்று போட்டால், கணவர் பெயர் கேட்கும் கட்டமே மறைந்துவிடுகிறது. போட்டேன். மறைந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து, "தானேன்னா யாரு?" என்றாள். "நீதான்ளா" என்றேன். சீட்டை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

கடைசியாக உங்கள் அக்கா வீடு. மைனியின் வீட்டுக்காரர் மனுவேல் அண்ணன் அந்தச் சேதி கேட்ட நாள்முதல் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். "எம் பேரைத்தான் கவர்மெண்டே எடுத்துட்டுதே, இனி கேஸ் சிலிண்டரையும் அவனே வந்து தூக்கட்டும்" என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறார். தன் பெயரைத் தானேதான் அடிப்பேன் என்றார். ஒற்றை விரலால் எழுத்துத் தேடி அவர் முடிப்பதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளியது. மறுபடியும் உள்ளே போனோம். மறுபடியும் தள்ளியது. ஓடிபி சொல்லிச் சொல்லிப் பேபி மைனிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் நான் அவர் விரலைப் பிடித்து அடித்தேன். 'சமர்ப்பி'யை அமுக்கிவிட்டு, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சோறு கேட்டார்.

நேற்று எல்லோர் பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. எக்ஸ்டென்ஷனை நான் எடுக்கவில்லை. என்னைக் கேட்காமல் எதையும் நிரப்பாதபடி ஜெப்ஸி மாற்றித் தந்திருக்கிறாள். மத்தியானம் வெறுமனே உட்கார நேரம் கிடைக்கிறது. அதுதான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

நீங்கள் போன வாரம் கேட்டது வேறு எக்ஸ்டென்ஷன். கம்பெனி இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்வதாகவும், என்ன சொல்லட்டும் என்றும் கேட்டீர்கள். நான் 'உங்க இஷ்டம்' என்று சொன்னது போல உங்களுக்குக் கேட்டிருந்தால், அது சிக்னல் கோளாறு. நான் அப்படிச் சொல்லவில்லை.

மாதா உங்களையும் கப்பலையும் நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும். சிங்கப்பூர்க் கரையைச் சொல்லவில்லை.

உங்கள்
விஜிலா