உடன்பிறந்தோர்: இல்லை

பிப்ரவரி 26

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய். மாடிப்படி ஏறி இறங்கும் வேலையெல்லாம் இனி உன்னுடையது. "போன் இருக்கும்போது எதுக்கு இன்னும் லெட்டர்?" என்று மாமா கேலி செய்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு நான் மதம் மாறியபோது, என் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. அப்போது ஒளித்து எழுத ஆரம்பித்தோம். அப்பா போய் நான்கு வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று நான் வீட்டுக்கே போகவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசை எங்கள் ரத்த வங்கியிலிருந்து தெருமுனை வரை நின்றது. ஊசி குத்திக் குத்தி எனக்கு விரல் மரத்துப்போனது. அன்று யாரும் என் தலையிலிருந்த முக்காட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. செய்தவர்களின் பெயர்கள் டிவியில் வந்த மறுநாள், ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்த ஒரு பெரியவர், என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டுக்கொண்டார். "வேற யாரும் இல்லையாம்மா?" மரியாதையாகத்தான் கேட்டார். இப்போது என்னை உள் அறையில் பைகளுக்கு லேபிள் ஒட்ட வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்கிறார் டாக்டர்.

மாமாவின் பஸ் டிப்போவில் எல்லாருடைய டூல்ஸ் பெட்டியையும் சோதிப்பதாக அறிவித்துவிட்டு, மூன்று பேருடையதை மட்டும் திறந்தார்கள். மாமாவையும் சேர்த்து மூன்று பேரும் எங்கள் ஆட்கள். "ஒரு வருஷமா தேடின பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கெடச்சிருச்சு, அவங்களுக்கு நன்றி சொல்லணும்" என்று சிரித்தபடி வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியிலேயே எழுந்து கை கழுவிக்கொண்டார்.

உன் துறைமுகத்தில் எப்படி? உன் மருமகள் வாண்டு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு வந்துவிடு.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெரியவரை நினைத்துக் கஷ்டப்படாதே. உன் கை ராசி அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இங்கே பழைய வேலிக்கு வெளியே இன்னொரு வேலி போட்டுவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை மூன்று இடத்தில் திறந்து காட்ட வேண்டும். மூன்றாவது ஆள் கரண்டி விட்டுக் கிளறிப் பார்க்கிறான், ருசி பார்க்காத குறைதான். எல்லாருக்கும் புது பாஸ். அதற்குப் பதினொரு பக்கத்தில் ஒரு விண்ணப்பப் பாரம். அம்மா, அப்பா, மாமனார், மச்சான், யார் எங்கே இருக்கிறார்கள், என்ன மதம், வெளிநாடு போனார்களா, எல்லாம் எழுத வேண்டும். பாஸ் இல்லாதவன் கிரேன் பக்கமே போக முடியாது. எட்டு வருடம் கீழே நின்று கொக்கி மாட்டிவிட்டுத்தான் நான் மேலே ஏறினேன், உனக்குத் தெரியும். பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரச்சினையும் வராது.

ஒரு சின்ன விஷயம். இனிமேல் வேலை முகவரிக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கே போடு. உறையில் உன் பேர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. காரணமெல்லாம் ஒன்றும் இல்லை. லீவு கேட்டால் எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு என்று கேட்கிறார்கள். அதனால் பிறந்தநாளுக்கு வருவது சந்தேகம். வாண்டிடம் நீயே ஏதாவது சொல்லிச் சமாளி.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

குட்டி


ஏப்ரல் 2

குட்டிக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, பாஸ் விசாரணைக்கு என்று ஒருவர் வந்தார். சாதாரண உடை, கையில் ஒரு கோப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர் உங்க தம்பிதானே?" என்று கேட்டு, கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்து. 'உடன்பிறந்தோர்: இல்லை.'

"உங்கப்பா பென்ஷன் பேப்பர்ல ரெண்டு பிள்ளைங்கன்னு இருக்கு. மறைச்சிருந்தாருன்னா பாஸ் கிடையாது, கேஸ்கூட ஆகலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "பன்னெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல சார். கல்யாணத்தன்னைக்கே என்னைத் தலைமுழுகிட்டாங்க. அவனைப் பொறுத்தவரைக்கும் நான் இல்லாத மாதிரிதான்."

"லெட்டர், போன்?"

"ஒண்ணும் கெடயாது."

அதையெல்லாம் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். வாண்டு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் தெரு தாண்டியதும், "குட்டி மாமா ஜனவரி லீவுக்கு வந்து நம்ம வீட்லதானேம்மா தூங்குனாங்க?" என்றாள்.

உன் மாமா டிப்போவிலிருந்து வந்ததும் சொன்னேன். கை கழுவிக்கொண்டே கேட்டார். "அவன் வேலையக் காப்பாத்திட்ட, சரி. நம்ம பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போற?" துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நீ பயந்தாய். புரிகிறது. நானும் இப்போது பஸ்ஸில் கைப்பையைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். ஆனால் அப்பா நான் இல்லை என்று கோபத்தில் வாயால்தான் சொன்னார். நீ நிதானமாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

தொடர்பு இல்லை என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும். இனி எழுதாதே. குழந்தை பிறந்தால் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

பத்தாம் தேதி பாஸ் வந்தது. நான்கு நாள் மேலே ஏறினேன். ஒரு கண்டெய்னரை டிரெய்லரின் மேல் இடித்து இறக்கினேன். கீழே இருந்தவன், "அண்ணே, என்னண்ணே, தூக்கமா?" என்று கத்தினான். ஐந்தாம் நாள் நேரே பாஸ் அலுவலகத்துக்குப் போய், பாரத்தில் ஒரு திருத்தம் என்றேன்.

கிளார்க் என் கோப்பைப் புரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தொடர்பே இல்லைன்னு உங்க அக்கா எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப நீங்க இருக்குன்னு சொன்னா, பொய் சொன்னது அவங்கன்னு ஆகும். இன்னைக்கு இருக்கிற நெலமையில அவங்களுக்கு அது நல்லதில்ல. யோசிச்சுக்குங்க தம்பி."

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அக்கா. நான் உண்மையைச் சொன்னால் மாட்டுவது நீ. அப்படி ஒரு வேலை செய்துவைத்திருக்கிறேன்.

மறுநாள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பயத்தில் உன்னை மறைத்தேன், பன்னிரண்டு வருடமும் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், லீவில் உன் வீட்டில் தங்கியிருக்கிறேன், நான் சொல்லச் சொல்லித்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று. கடைசி ஒன்று மட்டும் பொய். அதை மறுக்காமல் விட்டுவிடு.

பாஸை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வெளி கேட்டில் லாரிகளை எடை போடுகிறேன். "இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல?" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

மே பதினெட்டு, காலை பத்தரைக்குப் பாஸ் அலுவலகத்தில் விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள். நான் வாசலில் நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

குட்டி


மே 3

குட்டிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே எனக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது.

நீ சொல்லச் சொல்லி நான் எதையும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். என்ன ஆகுமோ ஆகட்டும், வாண்டிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான். டாக்டரிடமும் எதற்கு லீவு என்று மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீவு கொடுத்தார்.

என் கோபம் தீரவில்லை. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில்தான் திட்ட வேண்டும். மாமா டிப்போவில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டார். காலை ஏழரை பஸ்ஸுக்கு மூன்று பேருமாக வருகிறோம்.

வாசலில் நிற்காதே. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்.

அக்கா