நெற்றிக்காசு

12-3-1978, ஞாயிறு.

1. சோமு போய்விட்டான்.
2. என் வெள்ளி ரூபாய் வரிசை முழுமையடைந்தது.
3. யாரும் பார்க்கவில்லை.

எனக்குக் குறைந்தது ஒன்றுதான்: பம்பாய் நாணயச்சாலையில் அடித்த, சிறு புள்ளி முத்திரையுள்ள ரூபாய். சோமுவிடம் இருந்தது. "செத்தா என் நெத்தியில வச்சு அனுப்புங்க, இவனுக்கு மட்டும் குடுத்துராதீங்க" என்று சிரிப்பான்.

இன்று திருமங்கலத்தில் அவன் வீட்டில் அப்படியே சந்தனத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். அதே ஆண்டின் கல்கத்தா ரூபாயை நான் கொண்டுபோயிருந்தேன். அதில் பம்பாய்ப் புள்ளி இருக்காது, அவ்வளவே வித்தியாசம். மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து மாற்றினேன். எடுத்ததில் புள்ளியைச் சரிபார்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது, தலைமாட்டில் அமர்ந்திருந்த அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "சந்தனத்தைத் தேய்ச்சு எடுத்துராதீங்கண்ணே. தண்ணியில மட்டும் அலசுங்க. அவரு அப்படித்தான் செய்வாரு."

மேலே 3 என்று எழுதியது தவறு.