எதிர்க் கதிரை

டோர்செட் பார்க்,
ரொறன்ரோ.

அன்புள்ள வேரோனிக்காவுக்கு,

கல்கரிக் குளிரில் உம்மையும் மகள் வீட்டாரையும் ஆண்டவர் காக்கட்டும். போனில் எடுத்தால் என் குரல் ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீர் ரொறன்ரோவை விட்டுப் போகிறீர் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? மாதா கோயில் மண்டபத்தில் முதியோர் கூடும் வியாழக்கிழமைகளில் இவர் உமது குரக்கன் புட்டையும் மீன் சொதியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடமே உம்மைப் புகழ்வார். எனக்கு வயிறு எரியும். நாற்பது வருடமாக இவருக்குச் சமைத்தவள் நான்.

இவரின் முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. பகல் முழுக்க யன்னலடியில் பேசாமல் இருக்கிறார். உடம்பில் உள்ள அழற்சியும் மனச்சோர்வும் சிலவேளை ஒன்றையொன்று கூட்டும், மருந்தோடு சாப்பாட்டையும் கவனியுங்கள் என்று டொக்டர் சொன்னார். ரோல்ஸ், வடை, சீனி எல்லாம் நிற்பாட்டினேன். உமது சொதியை எப்படி வைப்பது என்று உம்மிடம் கேட்க மனமில்லாமல், வியாழக்கிழமைகளில் உமக்குக் கைகொடுத்த கௌசியிடம் கேட்டு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

போன ஞாயிறு பொறுக்க முடியாமல், நீர் அப்படி என்னத்தைப் போட்டுச் சமைத்தீர் என்று கேட்டேன்.

"அவ ஒண்டும் போடேல்லை. எனக்கு முன்னாலை இருந்து தானும் சாப்பிட்டவ. நீர் ஒருநாளும் இருந்ததில்லை, எமில்டா," என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அம்மா பழக்கியபடி இவருக்குப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு குசினி அடுப்படியில் தனியே சாப்பிட்டவள் நான். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். நீர் சும்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போய்விட்டீர்.

இப்போது நானும் எதிரே இருக்கிறேன். முதல்நாள் இருவருக்கும் வெட்கம், ஒரு கதையும் வரவில்லை. இன்று அரைவாசி சாப்பிட்டார். ஆனால் வியாழக்கிழமைகளில் வந்த சிரிப்பு இன்னும் வரவில்லை. அது உம்மிடம்தான் வரும் போலிருக்கிறது.

வேரோனிக்கா, எனக்கு உம்மைப் பிடிக்காது. இருந்தாலும் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் சாப்பிட இருக்கும் நேரம் எங்களுக்குப் போன் எடுப்பீரா? ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைக்கிறேன். இவரைக் கொஞ்சம் சிரிக்க வையும். நான் எழும்பிக் குசினிக்குள் போகமாட்டேன்.

மாதா உமக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
எமில்டா பஸ்ரியன்