மூச்சு மிஞ்சிய ஓட்டம்

முல்லைத்தீவு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நிறஞ்சனாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். கொழும்புக்கு வரும் றொனால்ட் அண்ணாவிடம் இதையும் அம்மா தந்த கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன்.

இன்று பூசை முடிந்ததும் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கொழும்புப் பயிற்சி முகாமில் ஓய்வு நாளிலும் நீ தனியே மைதானத்தில் ஓடுகிறாயாம். கணைக்கால் எலும்பு நோவதைப் பயிற்சியாளருக்கு மறைக்கிறாயாம். "நீ சொன்னாத்தான் கேப்பாள், பிள்ளை" என்றார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள். போன மாதம் கிளிநொச்சியில் மாகாணப் போட்டி நடந்தது. அதற்கு முந்திய கிழமை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். சுமித்திரா ரீச்சர் ஓடவே வேண்டாமென்றார். நான் அழுததைக் கண்டு, "சரி, ஓடு. ஆனா முழுக்கக் குடுக்காத. கதைச்சுக்கொண்டு ஓடுற மாதிரி ஓடு" என்றார்.

தகுதிச் சுற்றில் எண்ணூறு மீற்றர். எல்லோருக்கும் பின்னால் ஓட வெட்கமாகத்தான் இருந்தது. கைகளைத் தளரவிட்டேன், பல்லைக் கடிக்கவில்லை. கடைசி வளைவில் மற்றவர்கள் தள்ளாடினார்கள், எனக்கோ மூச்சு மிச்சமிருந்தது. முதலாவதாக வந்தேன். இதுவரை நான் ஓடியதில் அதுதான் மிகக் குறைந்த நேரம்.

அந்தப் புத்தி மறுநாளும் இருந்திருக்கலாம். அடக்கி ஓடியே இப்படியென்றால் முழுப் பலத்தில் எப்படியிருக்கும் என்று எண்ணி, இறுதிப் போட்டியில் வெடிச் சத்தத்தோடு பாய்ந்தேன். கை இறுகி, தோள் காதுவரை ஏறி, முடிவுக்கோடு தெரியும்போது கால்கள் கட்டையாகிவிட்டன. நாலாமிடம். அதில் வென்றவளின் நேரம்கூட என் முதல்நாள் நேரத்தைவிடக் கூடியது. ரீச்சர் ஏசவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு, "நேற்று ஓடினது நீ. இண்டைக்கு ஆர் ஓடினது?" என்று மட்டும் கேட்டார்.

பரந்தன் தாண்டியும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கொழும்பு முகாமுக்கு உன்னை எடுத்து என்னை விட்ட தேர்வாளர்களுக்குக் காட்டத்தான் ஓடியிருக்கிறேன். அப்போதுதான் நீ அங்கே யாருக்காக ஓடுகிறாய் என்பதும் விளங்கியது. அந்த முகாமில் எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே ஓரிடம். அதை நீ ஓடி வென்றாய், நிறஞ்சனா. என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போகவில்லை.

இதை வாசித்ததுமே பயிற்சியாளரிடம் காலைக் காட்டு. நோவு மாறும்வரை படுத்துக் கிட. போட்டிக்குப் பிறகு விட்டிருந்த பயிற்சிக்கு நான் இங்கே திரும்பவும் போகத் தொடங்கிவிட்டேன், மெதுவாகத்தான். எனக்கும் சேர்த்து நீ ஓடத் தேவையில்லை.

மாதா உன் கால்களைக் காக்கட்டும்.

உன் சிநேகிதி,
பிரியந்தினி